மரநிழலில் மலர்ந்த பள்ளி

நுழையும்முன்

கல்வி பள்ளியில் மட்டும் கிடைப்பதன்று. தாய்மொழியையும் கதைகளையும் பழக்கவழக்கங்களையும் குழந்தை முதலில் வீட்டில்தான் கற்கிறது. ஆனால் ஒத்த வயதினரோடு கூடி விளையாடவும், பிணங்கவும், மீண்டும் இணங்கவும் வீட்டின் நான்கு சுவர்கள் மட்டும் போதுமா? பள்ளியை வெறுத்த ஒரு சிறுவர் வீட்டிலேயே பெரும்பாலான கல்வியைப் பெற்றார். அவரே வளர்ந்தபின் பிள்ளைகளுக்காக ஒரு பள்ளியை நிறுவி, அதற்காகத் தம் உடைமைகளையும் உழைப்பையும் ஈந்தார். அவரே கவியரசர் இரவீந்திரநாத் தாகூர். அவர் வாழ்க்கையை இப்பாடத்தில் அறிவோம்.

வட்டத்துக்குள் ஒரு சிறுவன்

இரவீந்திரநாத் 1861ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் கல்கத்தா நகரின் ஜோராசாங்கோ என்னும் பகுதியில் பிறந்தார். தந்தையார் தேவேந்திரநாத் தாகூர். தாயார் சாரதா தேவி. பெரிய குடும்பம் அது. உயிரோடிருந்த பிள்ளைகளுள் இரவீந்திரரே இளையவர். தந்தையார் பெரும்பாலும் பயணத்தில் இருந்தார். தாயாரோ அவ்வளவு பெரிய இல்லத்தைக் கவனிக்க வேண்டியிருந்தது. ஆதலால் சிறுவரின் அன்றாட வாழ்வு வேலையாட்களின் பொறுப்பில் விடப்பட்டது.

அவ்வேலையாட்களுள் சியாம் என்பவர் ஒருவர். அவர் சிறுவனை ஓரிடத்தில் அமர்த்தி, சுற்றிலும் சுண்ணக்கட்டியால் ஒரு வட்டம் வரைவார்; அதைத் தாண்டினால் தீங்கு வரும் என்று எச்சரித்துவிட்டுத் தம் வேலையைப் பார்க்கச் செல்வார். கோட்டைத் தாண்டிய சீதைக்கு நேர்ந்த துன்பத்தை இராமாயணத்தில் அறிந்திருந்த சிறுவன், வட்டத்தை விட்டு அசையவே அஞ்சுவான். அருகில் ஒரு சாளரம் இருந்தது. அதன் வழியே ஒரு குளமும், குளக்கரையில் ஓர் ஆலமரமும், தென்னை வரிசையும் தெரிந்தன. குளிக்க வருவோர் ஒவ்வொருவரும் எவ்வாறு நீராடுகின்றனர் என்பதைப் பார்த்தபடியே பகற்பொழுது முழுவதையும் கழிப்பான். உலகம் அவனுக்கு மிக அருகில் இருந்தது; ஆனால் எட்டாத தொலைவிலும் இருந்தது.

பள்ளியின் மீது ஆசை, பள்ளியினால் அச்சம்

அண்ணன் சோமேந்திரநாத், அக்காள் மகன் சத்தியப்பிரசாத் ஆகிய இருவரும் இரவீந்திரரைவிடச் சற்று மூத்தவர்கள். அவ்விருவரும் வண்டியேறிப் பள்ளிக்குச் சென்ற நாளில், தாமும் செல்ல வேண்டும் என்று இரவீந்திரர் அழுதார். வீட்டு ஆசிரியர் ஓர் அறை கொடுத்து, இன்று பள்ளிக்குப் போக அழுபவன் நாளை பள்ளியை விட்டு வர இதைவிட அதிகமாக அழுவான் என்று கூறினார். அவர் சொன்னவாறே நடந்தது.

முதற் பள்ளியில் பாடம் ஒப்பிக்கத் தவறிய மாணவனைப் பலகைமீது ஏற்றி நிறுத்துவர். நீட்டிய கைகளின்மேல் கற்பலகைகளை அடுக்குவர். அங்கே பாடங்களை எவ்வளவு கற்றாரோ தெரியாது. ஆனால் ஆசிரியரின் கடுமையை நன்கு கற்றுக்கொண்டார். வீட்டுத் தாழ்வாரத்தின் மரக்கம்பிகளையே மாணவர்களாகக் கொண்டு, கையில் பிரம்போடு அவற்றை அடித்து விளையாடினார். பிள்ளைகள் பாடத்தைவிட விரைவாக, தம்மை நடத்தும் முறையைக் கற்றுக்கொள்கின்றனர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

அடுத்துச் சேர்ந்த பள்ளியில், வகுப்பு தொடங்குமுன் மாணவர் அனைவரும் ஆங்கிலப் பாட்டு ஒன்றைப் பாடவேண்டும். சிறுவர்களுக்கு அதன் பொருள் விளங்கவில்லை. சொற்களே சிதைந்து வேறு ஒலிகளாகிவிட்டன. உடன் பயின்றோரின் நடத்தையும் பேச்சும் இரவீந்திரருக்குப் பிடிக்கவில்லை. எனவே இடைவேளைகளில் மாடியில் தெருவைப் பார்த்த ஒரு சாளரத்தின் அருகே தனியே அமர்ந்திருப்பார். வகுப்பாசிரியர் ஒருவர் இழிசொற்களைப் பயன்படுத்துபவர். அவர் கேட்கும் வினா எதற்கும் விடையளிப்பதில்லை என்று இரவீந்திரர் உறுதி பூண்டு, ஆண்டு முழுவதும் கடைசி வரிசையில் மௌனமாக இருந்தார். ஆண்டுத் தேர்வில் வங்காள மொழிப் பாடத்தில் அவரே மிகுதியான மதிப்பெண் பெற்றார். சலுகை காட்டப்பட்டது என்று அவ்வாசிரியர் முறையிட்டார். பள்ளி மேற்பார்வையாளர் அருகில் அமர்ந்திருக்க மறுதேர்வு நடைபெற்றது. அதிலும் இரவீந்திரரே முதலிடம் பெற்றார்.

பின்னர்ப் பயின்ற தூய சேவியர் பள்ளியில் ஓர் இனிய நிகழ்ச்சி அவர் நெஞ்சில் பதிந்தது. அங்கே தெ பெனராந்தா என்னும் ஸ்பெயின் நாட்டுப் பாதிரியார் சிறிது காலம் கற்பித்தார். ஆங்கில ஒலிப்பில் அவருக்கு இடர்ப்பாடு இருந்தமையால் மாணவர் அவரைப் பொருட்படுத்தவில்லை. ஒருநாள் எழுதாமல் சோர்ந்திருந்த இரவீந்திரரின் தோள்மீது அவர் மெல்லக் கைவைத்து, உடல்நலம் இல்லையா என்று கனிவோடு வினவினார். அச்சிறு அன்பைத் தாகூர் வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை.

வீடே பள்ளி

பள்ளிகளில் மனம் பொருந்தாத இரவீந்திரருக்கு வீடே உண்மையான பள்ளியாயிற்று. அண்ணன் ஏமேந்திரநாத் தம்பியரின் கல்வியைப் பொறுப்பேற்றார். ஆங்கிலம் செல்வாக்குப் பெற்றிருந்த காலத்திலும், பிள்ளைகள் முதலில் தாய்மொழியாகிய வங்காளத்தின் வாயிலாகவே கற்க வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். தம் சிந்தனை வளர்ந்ததற்கு அதுவே காரணம் என்று தாகூர் பிற்காலத்தில் நன்றியோடு நினைவுகூர்ந்தார்.

அந்த வீட்டுப் பள்ளியின் கால அட்டவணை எளிதன்று. விடியுமுன் எழுந்து மல்லர் ஒருவருடன் மற்போர்ப் பயிற்சி செய்தல் வேண்டும். அது முடிந்ததும் மருத்துவ மாணவர் ஒருவர் மனித எலும்புகளைப் பற்றிக் கற்பிப்பார். அதற்காக ஓர் எலும்புக்கூடே அறையில் தொங்கவிடப்பட்டிருந்தது. பிறகு கணக்கு, வரலாறு, புவியியல், இலக்கியம் ஆகியன. பள்ளியிலிருந்து திரும்பியதும் உடற்பயிற்சியும் ஓவியமும். இரவில் விளக்கொளியில் ஆங்கிலம். அந்நேரத்தில் பிள்ளைகளின் கண்கள் தாமே மூடிக்கொள்ளும். மழை கொட்டித் தெருவில் நீர் தேங்கிய மாலைகளில், இன்று ஆசிரியர் வரமாட்டார் என்று மகிழ்ந்து தெருவை நோக்கியிருப்பார் இரவீந்திரர். தெருமுனையில் அந்தக் கறுப்புக் குடை தவறாமல் தோன்றிவிடும்!

அறிவு வளர்ந்தது; இசையும் இலக்கியமும் நாடகமும் நிறைந்த இல்லத்தில் சுவையுணர்வும் வளர்ந்தது. ஆயினும் சிறுவரின் உலகம் வீட்டு மதில்களோடு முடிந்தது. ஒருமுறை கல்கத்தாவில் டெங்குக் காய்ச்சல் பரவியபோது குடும்பத்தினர் கங்கைக் கரையிலுள்ள பெனேட்டி என்னும் ஊரில் தோட்ட வீடு ஒன்றில் தங்கினர். அப்போதுதான் இரவீந்திரர் முதன்முதலாக நகரத்திற்கு வெளியே வந்தார். ஆயினும் அருகிலிருந்த சிற்றூருக்குள் சென்று மக்களைக் காண அவருக்கு இசைவு கிடைக்கவில்லை.

தந்தையோடு ஒரு பயணம்

1873ஆம் ஆண்டு இரவீந்திரருக்குப் பூணூல் அணிவிக்கும் சடங்கு நடைபெற்றது. மழித்த தலையோடு பள்ளிக்குச் சென்றால் மற்ற மாணவர் எள்ளி நகையாடுவரே என்று அவர் கலங்கிக் கொண்டிருந்தார். அந்நேரத்தில் தந்தையார் அழைத்து, தம்மோடு இமயமலைக்கு வர விருப்பமா என்று கேட்டார். சிறுவரின் மகிழ்ச்சிக்கு எல்லையில்லை.

முதலில் இருவரும் வங்காளத்தின் போல்பூருக்கு அருகிலுள்ள சாந்திநிகேதனில் தங்கினர். அது தந்தையார் தியானத்திற்காக அமைத்திருந்த அமைதியான இடம். அங்கே இரவீந்திரர் விருப்பம்போல் சுற்றித் திரியலாம்; தடுப்பார் எவருமில்லை. தந்தையார் அவரிடம் சிறிதளவு பணத்தைக் கொடுத்து வரவு செலவுக் கணக்கு எழுதச் செய்தார். தம் விலையுயர்ந்த பொற்கடிகாரத்திற்கு நாள்தோறும் சாவி கொடுக்கும் பொறுப்பையும் ஒப்படைத்தார். ஆர்வ மிகுதியால் சிறுவர் அளவுக்கு மேல் சாவி கொடுக்கவே, கடிகாரம் பழுதுபார்ப்பதற்காகக் கல்கத்தாவுக்குச் செல்ல நேர்ந்தது! அதனால் தந்தையார் மகன்மீது வைத்த நம்பிக்கை குறையவில்லை.

பிறகு அமிர்தசரசுக்குச் சென்று பொற்கோவிலில் பக்திப் பாடல்களைக் கேட்டனர். அதன்பின் டல்கௌசி மலைக்குச் சென்றனர். அங்கே விடியுமுன் வடமொழிப் பாடம், பகலில் ஆங்கிலம், இரவில் விண்மீன்களைக் காட்டி வானியல் பாடம். இடையிடையே ஊன்றுகோல் ஒன்றுடன் தனியே மலைச்சரிவுகளில் உலவி வருவார் சிறுவர். தவறு நேரும் என்று அஞ்சித் தந்தையார் தடுக்கவில்லை. மகன் தானே வழி தேடிக்கொள்ள வேண்டும் என்பதே அவர் கருத்து. சுண்ணக்கட்டி வட்டத்துக்குள் அமர்ந்திருந்த சிறுவர், சில மாதங்கள் கழிந்து வீடு திரும்பியபோது தன்னம்பிக்கை உடையவராக விளங்கினார். 1875ஆம் ஆண்டு தாயார் மறைந்தார். அதன்பின் அண்ணியார் காதம்பரி தேவி அவருக்கு அன்பும் ஆதரவும் அளித்தார்.

அயல்நாட்டில் கிடைத்த ஆரஞ்சுப் பழம்

1878ஆம் ஆண்டு இரவீந்திரர் கல்விக்காக இங்கிலாந்து சென்றார். முதலில் பிரைட்டன் நகரத்தில் ஒரு பள்ளியில் சேர்ந்தார். நிறத்தாலும் மொழியாலும் உடையாலும் அவர் அங்கே புதியவர். ஆனால் அப்பள்ளி மாணவர் அவரை இழிவாக நடத்தவில்லை. அவர் எதிர்பாராத வேளையில் ஆரஞ்சு, ஆப்பிள் முதலிய பழங்களை அவர் சட்டைப்பையில் திணித்துவிட்டு ஓடிவிடுவர். பேச்சில்லாத அந்த நட்பைத் தாகூர் தம் நினைவுக் குறிப்புகளில் மகிழ்வோடு பதிவுசெய்துள்ளார். புதிய ஊரில், புதிய வகுப்பில், எவரையும் அறியாத ஒரு மாணவருக்கு அத்தகைய ஒரு பழம் எவ்வளவு பெரிய பரிசு!

பின்னர் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் சிறிது காலம் பயின்றார். 1880ஆம் ஆண்டு, பட்டம் எதுவும் பெறாமலேயே தாயகம் திரும்பினார்.

தம் பிள்ளைகளுக்கு ஆசிரியர்

1883ஆம் ஆண்டு தாகூருக்கும் மிருணாளினி தேவிக்கும் திருமணம் நடைபெற்றது. மாதுரிலதா, இரதீந்திரநாத், ரேணுகா, மீரா, சமீந்திரநாத் என ஐந்து பிள்ளைகள் பிறந்தனர். குடும்ப நிலங்களை மேற்பார்வையிடும் பொறுப்பு தாகூரிடம் இருந்தது. ஆதலால் பத்மா ஆற்றங்கரையிலுள்ள சிலைதா என்னும் ஊருக்குக் குடும்பத்தை அழைத்துச் சென்றார். அவ்வூர் இன்று வங்காளதேசத்தில் உள்ளது.

பள்ளியில் தாம் பட்ட துன்பம் தம் பிள்ளைகளுக்கு வரலாகாது என்று கருதிய தாகூர், அவர்களுக்கு வீட்டிலேயே கல்வியளித்தார். ஆங்கிலத்திற்கு ஓர் ஆங்கிலேயர். வடமொழிக்கு ஒரு பண்டிதர். வங்காளத்திற்குத் தாமே ஆசிரியர். இரதீந்திரநாத் பாடங்களோடு படகோட்டவும் குதிரையேறவும் கற்றார். அறிவியலறிஞர் ஜகதீச சந்திர போஸ் போன்ற பெரியோர் அவ்வீட்டிற்கு விருந்தினராக வந்தனர்.

இத்தகைய வீட்டுக் கல்வி பலருக்கும் வாய்ப்பதன்று. ஆயினும் அங்கும் ஒரு குறை இருந்தது. சிறந்த ஆசிரியர் இருந்தனர். அன்பான பெற்றோர் இருந்தனர். ஆறும் வயலும் இருந்தன. வெவ்வேறு இல்லங்களிலிருந்து வந்து உடனமர்ந்து பயிலும் தோழர் மட்டும் இல்லை. தோழமையைப் பணம் கொடுத்து அமர்த்த இயலாது. பலர் கூடினால் அன்றி அது பிறப்பதில்லை.

ஐந்து மாணவர்களோடு ஒரு தொடக்கம்

1901ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் சாந்திநிகேதனில் தாகூர் ஒரு பள்ளியைத் தொடங்கினார். ஐந்து மாணவர்களே சேர்ந்தனர். அவர்களுள் ஒருவர் மகன் இரதீந்திரநாத். தந்தையோடு தங்கித் தாம் முதன்முதலில் தடையின்றித் திரிந்த அதே இடம், இப்போது பல பிள்ளைகள் கூடித் திரியும் இடமாயிற்று.

தொடக்கத்தில் மாணவர்களிடம் கட்டணம் பெறவில்லை. செலவுக்காகத் தாகூர் பூரி நகரில் தமக்கிருந்த வீட்டை விற்றார். மிருணாளினி தேவி தம் நகைகளை ஈந்தார். மாணவர்களுக்குத் தம் கையால் சமைத்தும் அளித்தார். பள்ளி தொடங்கி ஓராண்டு நிறைவதற்குள், 1902ஆம் ஆண்டு நவம்பரில், அவர் நோயுற்று மறைந்தார். அடுத்த ஆண்டு மகள் ரேணுகா இறந்தார். 1905இல் தந்தையார் மறைந்தார். 1907இல் இளைய மகன் சமீந்திரநாத் வாந்திபேதிக்குப் பலியானார். இத்தனை துயரங்களுக்கு இடையிலும் தாகூர் பள்ளியைக் கைவிடவில்லை.

வேறு இடையூறும் வந்தது. அரசு ஊழியர் தம் பிள்ளைகளை அப்பள்ளிக்கு அனுப்புவது தகாது என்று கிழக்கு வங்காள, அசாம் மாகாண அரசு சுற்றறிக்கை விடுத்தது. பள்ளி அதனையும் தாங்கி நின்றது.

கூடி வாழக் கற்றல்

சாந்திநிகேதனில் வகுப்புகள் மரநிழலில் நடைபெற்றன. ஒவ்வொரு மாணவரும் தமக்குரிய சிறு விரிப்பை எடுத்து வந்து ஆசிரியரைச் சுற்றி அமர்வர். உடலை வருத்தும் தண்டனைக்கு அங்கே இடமில்லை. தவறு செய்தவரைப் பற்றிய முறையீட்டை மாணவர்களே கூடி ஆராய்வர்; தீர்ப்பும் அவர்களே வழங்குவர். தம் தலைவர்களையும் தாமே தேர்ந்தெடுப்பர். நண்பனே தவறு செய்தாலும் நடுநிலை தவறாமல் பேசுவது எப்படி என்பதை எந்தப் பாடநூலும் கற்றுத் தராது. மாணவர் அவையே அதைக் கற்றுத் தந்தது.

மழைக்காலத்தையும் இளவேனிலையும் பாட்டோடும் ஆடலோடும் வரவேற்றனர். தாகூர் மாணவர்களுக்காக நாடகங்கள் எழுதினார். அவர்களோடு சேர்ந்து தாமும் நடித்தார். மூத்த மாணவர் அருகிலுள்ள சந்தால் சிற்றூர்களுக்குச் சென்று அங்குள்ள பிள்ளைகளுக்குக் கற்பித்தனர். சிறுமியரும் காலப்போக்கில் சேர்ந்து கற்கலாயினர்.

அப்பள்ளி குறையே இல்லாததன்று. தொடக்கக் காலத்தில் உணவுக்கூடத்தில் பிராமணச் சிறுவர் தனியே அமர்ந்து உண்ணும் வழக்கம் இருந்தது. நாளடைவில் அது மறைந்து, அனைவரும் ஒன்றாக அமர்ந்து உண்ணலாயினர்.

காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவில் நடத்திய பீனிக்ஸ் குடியிருப்பைச் சேர்ந்த சிறுவர்கள் இந்தியாவுக்கு வந்தபோது, சிறிது காலம் சாந்திநிகேதனில் தங்கினர். கடல் கடந்து வந்த அப்பிள்ளைகளைத் தாகூரின் பள்ளி வரவேற்று இடமளித்தது. 1915ஆம் ஆண்டு காந்தியடிகள் அங்கு வந்தார். சமைத்தல், துப்புரவு செய்தல் முதலிய எல்லா வேலைகளையும் மாணவரும் ஆசிரியருமே செய்யலாமே என்று கூறினார். மார்ச் 10ஆம் நாள் அம்முயற்சி தொடங்கியது. அந்நாள் இன்றும் அங்கே காந்தி நாளாகக் கொண்டாடப்படுகிறது.

சாளரத்தருகே அமல்

தாகூர் எழுதிய நாடகங்களுள் அஞ்சலகம் என்னும் பொருளுடைய டாக்கர் புகழ்பெற்றது. அதில் அமல் என்னும் சிறுவன் நோயினால் வீட்டைவிட்டு வெளியேற இயலாதவன். அவன் சாளரத்தருகே அமர்ந்து, தயிர் விற்பவரையும் காவலரையும் பூப்பறிக்கும் சிறுமியையும் தெருவில் விளையாடும் சிறுவரையும் அழைத்துப் பேசுகிறான். தன் விளையாட்டுப் பொருள்களை அச்சிறுவர்களுக்குக் கொடுத்து, தன் கண்ணெதிரே விளையாடும்படி வேண்டுகிறான். குழந்தைக்கு மருந்தும் உணவும் போல மனிதர்களும் தேவை என்பதை இந்நாடகம் உணர்த்துகிறது. தனிமையைத் தம் இளமையில் அறிந்தவரால் அன்றி இதனை எழுதியிருக்க முடியாது.

உலகமே ஒரு கூட்டில்

1913ஆம் ஆண்டு கீதாஞ்சலிக்காகத் தாகூருக்கு இலக்கியத்திற்கான நோபல் பரிசு கிடைத்தது. பரிசுத் தொகையின் பயன் பள்ளிக்குச் சேரும்படி செய்தார். 1921ஆம் ஆண்டு அப்பள்ளி விசுவபாரதி என்னும் உயர்கல்வி நிறுவனமாக விரிந்தது. பல மாநிலத்தவரும் பல நாட்டவரும் அங்கே வந்து கூடிக் கற்றனர். 1924ஆம் ஆண்டு சிற்றூர்ப் பிள்ளைகளுக்காகச் சிக்ஷாசத்திரம் என்னும் பள்ளியையும் தாகூர் தொடங்கினார்.

1941ஆம் ஆண்டு ஆகஸ்டு 7ஆம் நாள், தாம் பிறந்த ஜோராசாங்கோ இல்லத்திலேயே தாகூர் மறைந்தார். 1951ஆம் ஆண்டு விசுவபாரதி மத்தியப் பல்கலைக்கழகமாயிற்று. 2023ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் சாந்திநிகேதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது.

தாய்மொழியையும் இசையையும் இயற்கையின் மீது காதலையும் தாகூருக்கு வீடு அளித்தது. நம்பிக்கை வைத்தால் பிள்ளை வளரும் என்பதைத் தந்தையார் காட்டினார். தோளில் பட்ட ஓர் ஆசிரியரின் கையும், சட்டைப்பையில் விழுந்த ஒரு பழமும் தோழமையின் அருமையைக் காட்டின. இவை யாவும் ஒருங்கே கிடைக்கும் இடமாகத் தம் பள்ளியை அமைக்க அவர் முயன்றார். வீட்டில் ஒரு மொழியும் வகுப்பில் வேறொரு மொழியும் பேசி வளரும் பிள்ளைகளுக்கு இவ்வாழ்க்கை ஒன்றை நன்கு உணர்த்தும். வீடு தருவதை இழக்கவும் வேண்டுவதில்லை. தோழமையை விட்டு விலகவும் வேண்டுவதில்லை.

அருஞ்சொற்பொருள்

சாளரம் – சன்னல்
இழிசொல் – கீழான பேச்சு
மல்லர் – மற்போர் வீரர்
எள்ளி நகையாடுதல் – கேலி செய்து சிரித்தல்
இசைவு – சம்மதம்
ஈந்தார் – கொடுத்தார்
நடுநிலை – ஒரு பக்கம் சாயாமை

பயிற்சி

1. சுண்ணக்கட்டி வட்டத்தைத் தாண்டச் சிறுவர் இரவீந்திரர் அஞ்சியது ஏன்?
2. பொற்கடிகாரம் பழுதான பின்னும் தந்தையாரின் நம்பிக்கை குறையவில்லை. இதிலிருந்து நீ அறிவது யாது?
3. சாந்திநிகேதன் மாணவர் அவை எவ்வாறு செயற்பட்டது? ஐந்து வரிகளில் எழுதுக.
4. வீட்டில் மட்டுமே கற்கக் கூடியவை மூன்றும், தோழர்களோடு மட்டுமே கற்கக் கூடியவை மூன்றும் பட்டியலிடுக.
5. உன் வகுப்பிற்கு வேறு மாநிலத்திலிருந்து புதிய மாணவர் ஒருவர் வருகிறார். முதல் நாளில் அவருக்காக நீ என்ன செய்வாய்? ஒரு பத்தி எழுதுக.